பாதுகாப்பு வாதத்தை மறுபடி பயன்படுத்துவது எப்படி? வேலூர்ப் பொறியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடியிலும் வேலூரிலும் பொறியியல் படிக்கிறவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மருத்துவக் கருவிகளை எடுத்துக்கொள்வது இயல்பாக நடக்கிறது. ஊரே மருத்துவமனைகளைச் சுற்றி வளர்ந்த ஊர். கருவி டெமோவில் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு மருத்துவரோ வார்டு சிஸ்டரோ கேட்பார்: “இதை நோயாளிக்கு மாட்டலாம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை நீட்டினால் போதாது. அந்த ரிப்போர்ட்டுகள் எந்த ஆபத்துக்கு எதிராக, எந்த நிலைமைகளில், ஏன் போதுமானவை என்று கோத்துச் சொல்ல வேண்டும். அப்படிக் கோத்துச் சொல்வதுதான் பாதுகாப்பு வாதம். வாதமும் அதைத் தாங்கும் சான்றுகளும் சேர்ந்த முழு ஆவணத்தைத் துறையில் சேஃப்டி கேஸ் என்கிறோம்.

ஒவ்வொரு கருவிக்கும் இதை முதலிலிருந்து எழுதுவது பெரிய உழைப்பு. ஒருவர் நன்றாக யோசித்து எழுதிய வாதத்தை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த வழி உண்டா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே துரத்தி வருகிறார்கள். அந்த ஆய்வுகள் எங்கே வந்து நிற்கின்றன, அவற்றை வைத்து உங்கள் மேசையில் என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாதத்தின் எலும்புக்கூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாராளமாகப் போகும். அது எந்த நிலைமைகளில் மட்டும் நிற்கும் என்ற பட்டியல் கூடவே போகாவிட்டால், மறுபயன்பாடே புதிய ஆபத்தாகிவிடும்.

கொஞ்சம் பின்னணி

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை தீப்பிடித்து 167 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் வந்தது. ஒவ்வொரு மேடைக்கும் அதை நடத்துகிறவரே சேஃப்டி கேஸ் எழுதித் தர வேண்டும் என்ற முறை பிரிட்டனின் கடல் எண்ணெய்த் துறைக்கு அதன்வழி வந்தது. அணுமின் துறையில் இந்தப் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. விதிப் பட்டியலுக்கு டிக் போடுவதோடு நின்றுவிடாமல், “ஏன் பாதுகாப்பானது” என்று வாதாட வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958இலேயே, அன்றாட வாதங்கள் கூற்று, ஆதாரம், ஆதாரத்திலிருந்து கூற்றுக்குப் போக அனுமதிக்கும் நியாயம், மறுப்பு என்ற உறுப்புகளால் ஆனவை என்று பிரித்துக் காட்டியிருந்தார். பின்னாளில் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஜிஎஸ்என் (கோல் ஸ்ட்ரக்சரிங் நோட்டேஷன்) என்ற, வாதத்தைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரையும் படமுறை உருவானது. 1997இல் டிம் கெல்லியும் ஜான் மெக்டெர்மிடும் சேஃப்டி கேஸ்களை பேட்டர்ன்களாக, அதாவது காலியிடங்களை நிரப்பிக்கொள்ளும் பொது வடிவங்களாக, மறுபயன்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 1998இல் கெல்லியின் முனைவர் ஆய்வேடு வந்தது. இந்தத் துறையின் கட்டுரைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று மேற்கோளாக இருக்கும். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

படி 1: ஒரே ஒரு கருவி, ஒரே ஓர் ஆபத்து

பொதுவான வாதத்தை எழுத உட்கார்ந்தால் ஒன்றும் எழுத வராது. உறுதியான ஒன்றை எடுங்கள். இந்த வழிகாட்டி முழுவதற்கும் நான் எடுத்துக்கொள்வது சிரிஞ்ச் பம்ப்: மருந்து ஏற்றிய சிரிஞ்சை ஒரு மோட்டார் மெல்லத் தள்ளி, நிர்ணயித்த வேகத்தில் இரத்த நாளத்துக்குள் செலுத்தும் கருவி. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவுக்கு 2005 முதல் 2009 வரை சிரிஞ்ச் பம்ப் உள்ளிட்ட மருந்து செலுத்தும் கருவிகளான இன்ஃப்யூஷன் பம்புகள் தொடர்பாக ஏறத்தாழ 56,000 பாதிப்பு அறிக்கைகள் வந்தன. அதன் பிறகு 2010இல் வரைவாகவும் 2014இல் இறுதியாகவும் வந்த வழிகாட்டுதலில், பம்ப் தயாரிப்பாளர்கள் சேஃப்டி கேஸ் வடிவில் வாதத்தைத் தர வேண்டும் என்று எஃப்டிஏ பரிந்துரைத்தது. எனவே இந்தக் கருவியைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் நிறையக் கிடைக்கும். ஆய்வாளர்கள் பொதுவில் வைத்திருக்கும் மாதிரி பம்ப் வடிவமைப்புகளும் உண்டு.

ஆபத்துகளில் ஒன்றை மட்டும் எடுங்கள்: மருந்து அளவுக்கு மீறிப் போவது.

படி 2: படம் வரைவதற்கு முன் தமிழில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறந்து பெட்டிகள் வரையத் தொடங்கும் மாணவர்களின் வாதம் பெரும்பாலும் ஆவணங்களின் பட்டியலாகத்தான் முடிகிறது. அதனால் நான் முதலில் முழு வாக்கியங்களாக எழுதச் சொல்வேன். வாக்கியம் என்றால் உண்மை, பொய் என்று தீர்ப்புச் சொல்லத் தக்கதாக இருக்க வேண்டும். “மென்பொருள் சோதனை” என்பது கூற்று ஆகாது.

மேல் கூற்று இப்படி இருக்கலாம்: “பெரியவர்களுக்கான பொது வார்டில், பயிற்சி பெற்ற செவிலியர் இயக்கும்போது, இந்த பம்ப் மருந்தை அளவுக்கு மீறிச் செலுத்தும் ஆபத்து ஏற்கத்தக்க அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது.” எந்த வார்டு, யார் இயக்குகிறார், எந்த ஆபத்து என்று ஒவ்வொரு சொல்லும் இங்கே வேலை செய்கிறது. ஏற்கத்தக்க அளவு எது என்பதற்கு மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 14971 தரம் கேட்கும் ஆபத்து மேலாண்மைத் திட்டத்தைச் சுட்ட வேண்டும்.

அடுத்தது உத்தி: அளவு மீறுவதற்கான ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எடுத்து, அது கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்று காட்டுவது. நம் பம்புக்கு நான்கு காரணங்களை வைத்துக்கொள்வோம்.

ஒன்று, வேகத்தைத் தவறாகத் தட்டுவது. மணிக்கு 5.0 மில்லி என்பது 50 ஆகிவிடும். ஒருமுறை அழுத்திய பொத்தான் இருமுறை பதிவாவதும் பம்புகளில் நடந்திருக்கிறது. இரண்டு, கட்டளைக்கு மேல் மோட்டார் சுற்றுவது. மூன்று, சிரிஞ்சின் தண்டு சரியாகப் பிடிபடாமல், பம்ப் நோயாளியை விட உயரத்தில் இருக்கும்போது மருந்து தானாக வடிவது. நான்கு, மின்சாரம் போய்த் திரும்பும்போது பம்ப் தவறான நிலையில் மீண்டும் ஓடத் தொடங்குவது.

இந்த நான்குக்கும் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கூற்று வேண்டும்: “காரணங்கள் இவ்வளவுதான் என்று நம்ப நியாயம் இருக்கிறது.” பலரும் தவறவிடுவது இதைத்தான். ஃபால்ட் ட்ரீ (விபத்திலிருந்து காரணங்களை நோக்கிப் போவது), எஃப்எம்இஏ (ஒவ்வொரு உறுப்பும் கெட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது) போன்ற பகுப்பாய்வுகளின் உண்மையான இடம் இங்கேதான். நான்கு காரணங்களையும் கச்சிதமாக மூடிவிட்டு ஐந்தாவது காரணத்தைக் காணாமல் விட்டால் முழு வாதமும் வீண்.

இரண்டாவது காரணத்தை மட்டும் கீழே வரை கொண்டுபோய்ப் பார்ப்போம். மோட்டார் அதிகம் சுற்றினால், அதைத் தனி என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) வழியாக இன்னொரு மைக்ரோகன்ட்ரோலர் கவனித்து மோட்டாரின் மின்சாரத்தை வெட்டும். இதற்குச் சான்றாகக் கோளாறுகளை வேண்டுமென்றே புகுத்திச் செய்த சோதனையின் முடிவு வேண்டும். இரண்டு கன்ட்ரோலர்களும் ஒரே காரணத்தால் சேர்ந்து கெட்டுப்போகாது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். ஒரே மின்வழி, ஒரே கடிகாரம், ஒரே ஆள் எழுதிய ஒரே கணக்கு என்று இருந்தால் அந்தச் சுதந்திரம் வெறும் பெயரளவு. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரத்தின்படி, மரணமோ கடும் காயமோ நேரக்கூடிய மென்பொருள் சி வகுப்பு. ஆகவே வடிவமைப்பு, அலகுச் சோதனை ஆவணங்கள் எப்படியும் உங்களிடம் இருக்க வேண்டியவை. வாதம் அவற்றை இடம் பார்த்து உட்கார வைக்கிறது.

படி 3: ஜிஎஸ்என் படமாக மாற்றுங்கள்

இது எளிதான படி. கூற்று செவ்வகம், உத்தி இணைகரம், சான்று வட்டம், சூழல் உருண்டை முனைப் பெட்டி. அனுமானமும் நியாயமும் நீள்வட்டங்கள். இன்னும் வளர்க்காத கூற்றின் கீழ் ஒரு வெற்று வைர வடிவம். ஜிஎஸ்என் தரத்தின் முதல் பதிப்பு 2011இலும் மூன்றாம் பதிப்பு 2021இலும் வந்தன. இலவசமாகக் கிடைக்கும் மூன்றாம் பதிப்பையே பின்பற்றுங்கள். லண்டனின் அடலார்ட் நிறுவனம் வளர்த்த சிஏஇ (கூற்று, வாதம், சான்று) முறையும் புழக்கத்தில் உண்டு. எதில் வரைந்தாலும் யோசனை ஒன்றுதான் என்பதால் இந்தத் தேர்வில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

படி 4: மாறுவதையும் மாறாததையும் பிரியுங்கள்

இப்போதுதான் மறுபயன்பாடு தொடங்குகிறது. உங்கள் படத்தை அச்செடுத்து, ஒரு வண்ணத்தில் இந்த பம்புக்கு மட்டுமே பொருந்தும் சொற்களைக் குறியுங்கள்: சிரிஞ்ச், மில்லி, என்கோடர், பொது வார்டு. மிச்சம் இருப்பது எலும்புக்கூடு: “இந்தச் சூழலில், இந்தக் கருவியின் இந்தத் தீங்கான செயலுக்கான ஒவ்வொரு காரணமும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, காரணங்களின் பட்டியல் முழுமையானது.” குறியிட்ட சொற்களின் இடத்தில் நிரப்ப வேண்டிய காலியிடங்களை வையுங்கள். கிடைப்பது ஒரு பேட்டர்ன்.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் லாஸ்ட் என்று ஒன்று இருக்கும். பாதத்தின் வடிவில் செய்த அச்சு. ஒரே லாஸ்டின் மேல் ஆயிரக்கணக்கான ஷூக்களை இழுத்துத் தைப்பார்கள். தோல் மட்டும் ஒவ்வொன்றுக்கும் புதிது. பேட்டர்னும் சான்றும் அப்படித்தான்: வடிவம் பொது, சான்று ஒவ்வொரு கருவிக்கும் புதிதாக வேண்டும்.

ஜிஎஸ்என் இதற்குத் தனிக் குறிகள் தருகிறது. நிரப்பப்படாத இடத்துக்கு ஒரு சிறு முக்கோணம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரக்கூடிய கிளைக்கு அம்பின் மேல் கறுப்புப் புள்ளி. விட்டுவிடலாம் என்ற கிளைக்கு வெற்று வட்டம். பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வைர வடிவம். நம் பேட்டர்னில் காரணங்களின் கிளைக்குக் கறுப்புப் புள்ளி வரும். ஒவ்வொரு காரணத்தின் கீழும் ஒரு தேர்வு வரும்: காரணத்தையே அகற்றிவிட்டோம், அல்லது கண்டறிந்து கருவியை நிறுத்துகிறோம், அல்லது அலாரம் அடித்து மனிதரை அழைக்கிறோம்.

படம் பேட்டர்னின் பாதிதான். கெல்லியின் முறையில் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் எழுத்தில் ஒரு விளக்கம் உண்டு: நோக்கம், அமைப்பு, பங்குபெறும் உறுப்புகள், எங்கே பொருந்தும், பயன்படுத்தினால் என்ன விளையும், எங்கே வழுக்கும். இதில் “எங்கே பொருந்தும்”, “எங்கே வழுக்கும்” என்ற இரண்டு பகுதிகள்தான் உயிர். பதிப்பிக்கப்பட்ட பல பேட்டர்ன்களில் இவை இரண்டு வரியோடு முடிந்துவிடுகின்றன என்பது இந்தத் துறையின் மீது எனக்குள்ள வருத்தம்.

ஓர் எடுத்துக்காட்டு. “கண்டறிந்து நிறுத்துகிறோம்” என்ற கிளையைப் பாருங்கள். நிறுத்தினால் நோயாளி பாதுகாப்பாக இருப்பார் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பொது வார்டில் வலி மருந்து ஓடும்போது அது சரி. அதே பம்பை ஐசியுவுக்குக் கொண்டுபோய், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் ஏற்றினால்? அந்த மருந்தின் விளைவு சில நிமிடங்களில் வடிந்துவிடும். பம்பை நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. பேட்டர்ன் ஒன்றுதான், கருவி ஒன்றுதான், மென்பொருள் குறியீட்டில் ஒரு வரி மாறவில்லை. வாதம் மட்டும் செத்துவிட்டது. வென்டிலேட்டருக்கு இந்தக் கிளையை அப்படியே கொண்டுபோகவே கூடாது. எனவே பேட்டர்னின் முகப்பிலேயே எழுதுங்கள்: “நிறுத்தப்பட்ட நிலை இந்த மருந்துக்கும் இந்த நோயாளிக்கும் பாதுகாப்பானது என்று தனியே நிறுவாமல் இந்தக் கிளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.”

நாசா எய்ம்ஸ் மையத்தில் பணியாற்றிய யூவன் டென்னியும் கணேஷ் பையும் 2013இல் பேட்டர்ன்களுக்குக் கணித அடிப்படை ஒன்றைக் கொடுத்தார்கள். காலியிடங்களுக்கு வகை நிர்ணயித்தால், தவறான வகைப் பொருளை நிரப்பும்போது மென்பொருளே பிடித்துவிடும். அவர்களுடைய அட்வகேட் கருவி பேட்டர்னையும் ஆபத்துப் பட்டியலையும் சேர்த்து வாதத்தைத் தானாக விரித்துத் தரும். வடிவப் பிழைகளை இது ஒழிக்கும். நார்அட்ரினலின் போன்ற பொருள் பிழையைக் கண்டுபிடிக்க மருத்துவம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

படி 5: நிலைமைப் பட்டியல்

நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். காரணத்தை இரண்டு விபத்துகள் சொல்லும்.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரம். 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அவர்களில் சிலர் இறந்தார்கள். அதன் மென்பொருளின் பகுதிகள் முந்தைய தெராக் இயந்திரங்களிலிருந்து வந்தவை. தெராக்-20இலும் அதே வகைப் பிழை இருந்தது என்று பின்னால் தெரிந்தது. அங்கே தனி வன்பொருள் இன்டர்லாக்குகள் (ஆபத்தான நிலையில் இயந்திரத்தைத் தடுக்கும் பூட்டுகள்) இருந்ததால் ஃப்யூஸ் போனதோடு முடிந்தது. தெராக்-25இல் அந்த இன்டர்லாக்குகளை எடுத்துவிட்டு, மென்பொருளை நம்பினார்கள். பழைய இயந்திரத்தின் நல்ல அனுபவம் என்ற சான்று, “வன்பொருள் காவல் இருக்கும்போது” என்ற நிலைமையில் பிறந்தது. நிலைமையைக் கழற்றிவிட்டுச் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1996 ஜூன் 4 அன்று ஏரியேன் 5 ராக்கெட் புறப்பட்டு 40 வினாடிகளுக்குள் சிதறியது. அதன் திசையறியும் மென்பொருள் ஏரியேன் 4இலிருந்து வந்தது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் போனது. அந்த மாறிக்குப் பாதுகாப்பு வைக்காததற்கு ஒரு வாதம் இருந்தது: இந்த மதிப்பு இவ்வளவு பெரிதாக வளராது. ஏரியேன் 4இன் பாதைக்கு அது உண்மை. ஏரியேன் 5 வேறு பாதையில், வேகமாகக் கிடைமட்டத்தில் நகர்ந்தது. காப்புக் கணினியும் அதே மென்பொருளோடு அதே காரணத்தால் நின்றது.

இரண்டிலும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் சரியாகத்தான் யோசித்திருந்தார். அவர் யோசித்த எல்லை அடுத்தவர் கைக்குப் போகவில்லை.

ஆகவே உங்கள் பேட்டர்னோடு ஒரு நிலைமைப் பட்டியல் போக வேண்டும். ஒவ்வொரு நிலைமையையும் நான்கு கேள்விகளோடு எழுதுங்கள். நிலைமை என்ன? அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? யார் பார்ப்பது? பொய்யானால் எந்தக் கூற்று விழும்?

வேலூரில் ஓடப்போகும் பம்புக்கு எழுதிப் பார்ப்போம். “சுற்றுவெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகாது.” அக்கினி நட்சத்திர நாட்களில் இந்த ஊர் 40ஐத் தாண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏசி உள்ள வார்டில் நிலைமை நிற்கும். தாலுகா மருத்துவமனை வராந்தாவிலோ ஆம்புலன்ஸிலோ நிற்காது. பார்க்க வேண்டியவர் பயோமெடிக்கல் பொறியாளர். பொய்யானால் விழுவது பேட்டரி பற்றிய கூற்றும், மின்வெட்டுக்குப் பிறகு சரியாக மீள்வது பற்றிய கூற்றும். குளிர்நாட்டில் எழுதிய வாதத்தை அப்படியே இறக்கினால் முதலில் உடையும் கண்ணி இதுவாக இருக்கலாம்.

“அலாரம் அடித்தால் செவிலியர் வருவதற்குள் வேறு யாரும் பம்பைத் தொட மாட்டார்கள்.” நம் ஊர் வார்டில் நோயாளியோடு உறவினர் ஒருவர் எப்போதும் இருப்பார். வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். திரையில் ஆங்கிலத்திலோ தமிழிலோ வரும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாது. தூங்குகிறவரை எழுப்பும் சத்தத்தை நிறுத்தத்தான் அந்த உறவினருக்குத் தோன்றும். இந்த நிலைமையை வார்டில் நின்று பார்க்காமல் எழுத முடியாது. பொய்யாக வாய்ப்பு அதிகம் என்று கண்டால், கீபேட் பூட்டு என்ற புதிய கட்டுப்பாட்டை வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். வாதம் எழுதுவது வடிவமைப்பைத் திருத்தும் இடம் இதுதான்.

மற்ற துறைகள் இந்தப் பட்டியலை எப்படிக் கையாள்கின்றன என்பதையும் படியுங்கள். ரயில் சிக்னலிங்குக்கான ஈஎன் 50129 தரம் சேஃப்டி கேஸை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: பொதுப் பொருளுக்கு ஒன்று, பொதுப் பயன்பாட்டுக்கு ஒன்று, குறிப்பிட்ட இடத்துக்கு ஒன்று. ரயில்கள் மோதாதபடி சிக்னல்களையும் தண்டவாள மாற்றிகளையும் பிணைக்கும் எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் பெட்டிக்கு முதலாவது. அதை ஒரு ரயில்வேயின் சிக்னல் விதிகளுக்கு ஏற்ப அமைக்கும் முறைக்கு இரண்டாவது. சென்னை–பெங்களூரு பாதையும் விழுப்புரம்–திருப்பதிப் பாதையும் சந்திக்கும் காட்பாடி போன்ற ஒரு நிலையத்தின் தண்டவாள அமைப்புக்கு மூன்றாவது. மேலடுக்கில் தீர்க்க முடியாதவை “பயன்பாட்டு நிபந்தனைகள்” என்ற பெயரில் கீழடுக்குக்குக் கடத்தப்படும். கீழடுக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்திய ரயில்வேயின் கவச் போன்ற எஸ்ஐஎல்-4 (மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை) தர ரயில் பாதுகாப்பு அமைப்புகளைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்த மூன்றடுக்கைப் புரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். என் கருத்தில் மறுபயன்பாட்டுக்கு நடைமுறையில் உள்ள மிக ஒழுங்கான ஏற்பாடு இது. மருத்துவக் கருவித் துறை இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பம்புக்கு ஒன்று, ஐசியு பயன்பாட்டுக்கு ஒன்று, இந்த மருத்துவமனையின் இந்த ஐசியுவுக்கு ஒன்று. கார்த் துறையின் ஐஎஸ்ஓ 26262, எந்தக் காருக்கு என்று தெரியாமலே உருவாக்கும் உறுப்புகளுக்கு இதே போன்ற வழியை வைத்திருக்கிறது: அனுமானங்களை எழுதிவைத்து உருவாக்கு, பொருத்தும்போது சரிபார்.

படி 6: துண்டுகளாக்கி ஒப்பந்தம் எழுதுங்கள்

பம்பின் பேட்டரிப் பகுதியை வேறொரு குழு செய்கிறது என்றால், அவர்களுடைய வாதத்தைத் தனித் துண்டாக வையுங்கள். அந்தத் துண்டு வெளியே காட்டும் கூற்று ஒன்றிரண்டுதான்: “35 டிகிரியில், புதிய பேட்டரியோடு, முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும்.” உங்கள் வாதம் இதை அயல் கூற்றாகச் சுட்டும். ஒருவர் தருவதும் மற்றவர் கேட்பதும் பொருந்துகின்றன என்பதை ஒப்பந்தமாக எழுதிவைப்பார்கள். உங்களுக்கு 40 டிகிரி வேண்டும், அவர்கள் 35தான் தருகிறார்கள் என்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பிரிட்டனின் போர்விமானத் துறை, ஒரே கணினியில் பல மென்பொருள்களை ஓட்டும் அமைப்புகளுக்காக இந்த முறையை வளர்த்தது. ஒரு மென்பொருள் மாறும்போது முழு சேஃப்டி கேஸையும் திறக்காமல், மாறிய துண்டையும் அதன் ஒப்பந்தங்களையும் மட்டும் பார்ப்பதே அவர்கள் தேடிய பலன்.

படி 7: உங்கள் வாதத்தை நீங்களே தாக்குங்கள்

2006 செப்டம்பர் 2 அன்று பிரிட்டன் விமானப் படையின் நிம்ராட் எக்ஸ்வி230 ஆப்கானிஸ்தானில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அந்த விமானத்துக்கு சேஃப்டி கேஸ் இருந்தது. 2009இல் வெளிவந்த சார்லஸ் ஹேடன்-கேவின் விசாரணை அறிக்கை அதைக் கடுமையாகச் சாடியது. பல ஆண்டுகள் பறந்த விமானம் பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஆவணம் சேர்த்திருந்தார்கள். ஆபத்துகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் தீர்க்கப்படாமல் “திறந்த” நிலையிலேயே விடப்பட்டிருந்தன.

ஆயத்த பேட்டர்ன் இந்த நோயை இன்னும் எளிதாக வரவழைக்கும். காலியிடங்கள் நிரம்பியதும் வாதம் முடிந்துவிட்ட தோற்றம் வந்துவிடும். இதற்கு மருந்தாக ஆய்வாளர்கள் மூன்று வழிகளை வளர்த்திருக்கிறார்கள். 2011இல் ரிச்சர்ட் ஹாக்கின்ஸ், கெல்லி, ஜான் நைட், பேட்ரிக் கிரேடன் ஆகியோர் பாதுகாப்பு வாதத்தையும் நம்பிக்கை வாதத்தையும் பிரிக்கச் சொன்னார்கள்: கருவி ஏன் பாதுகாப்பானது என்பது ஒன்று, அந்தச் சான்றை ஏன் நம்பலாம் என்பது இன்னொன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் குட்இனஃப், வைன்ஸ்டாக் குழு, ஒவ்வொரு கூற்றுக்கும் அது பொய்யாகும் வழிகளை எழுதி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகும் முறையைக் கொடுத்தது. ராபின் புளூம்ஃபீல்டும் ஜான் ரஷ்பியும் 2020இலிருந்து முன்வைக்கும் அஷ்யூரன்ஸ் 2.0, சந்தேகங்களை வாதத்தின் நிரந்தர உறுப்புகளாகவே வைத்திருக்கச் சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கூற்றின் கீழும் “இல்லை, ஏனென்றால்...” என்று தொடங்கும் வாக்கியங்களை எழுதுங்கள். “இல்லை, ஏனென்றால் இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் ஒரே வோல்டேஜ் ரெகுலேட்டர்.” பதில் இருந்தால் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் சந்தேகத்தை அழிக்காமல் விடுங்கள். பேட்டர்னை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது இந்தச் சந்தேகப் பட்டியலையும் கொடுங்கள். அவருக்கு அதிகம் உதவப்போவது அதுதான். வாதத்தைப் படிக்க இரவுப் பணி செய்த அனுபவமுள்ள ஒரு செவிலியரை அழையுங்கள். தமிழில் எழுதியிருந்தால் அவர் தயங்காமல் திருத்துவார்.

படி 8: ஆய்வு எங்கே போகிறது என்று பார்த்து உங்கள் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

ஐரோப்பாவில் ஆண்டுதோறும் நடக்கும் சேஃப்காம்ப் மாநாட்டின் தொகுப்புகள் இந்தத் துறையின் நாடி. அவற்றில் சில ஓட்டங்கள் தெரிகின்றன.

ஓடும்போதே மாறும் சேஃப்டி கேஸ் ஒன்று. 2015இல் டென்னி, பை, இப்ராஹிம் ஹப்லி ஆகியோர் முன்வைத்த எண்ணம் இது: கருவி களத்தில் ஓடும்போது வரும் தரவைக் கொண்டு வாதத்தின் அனுமானங்களைத் தொடர்ந்து சரிபார்ப்பது. படி 5இல் எழுதிய நிலைமைப் பட்டியல் உங்களிடம் இருந்தால் இதற்கான பாதி வேலை முடிந்தது.

இயந்திரக் கற்றல் இன்னொன்று. யார்க்கிலிருந்து 2021இல் வந்த அம்லாஸ், கற்றுக்கொண்ட மாடல்களுக்கான வாதத்தைப் பேட்டர்ன்களாகவே தருகிறது: தேவைகள், தரவு, பயிற்சி, சரிபார்ப்பு, பொருத்துதல் என்று கட்டம் கட்டமாக. தானியங்கி வாகனங்களுக்காக 2020இல் வந்த யூஎல் 4600 தரமும் சேஃப்டி கேஸையே நடுவில் வைக்கிறது. எக்ஸ்ரே படிக்கும் மாடல் செய்கிற மாணவர்கள் அம்லாஸைத் தவறாமல் படிக்க வேண்டும். பயிற்சித் தரவு எந்த ஊர் மக்களுடையது என்ற கேள்வி அதில் தானாகவே வந்து நிற்கும்.

மூன்றாவது, பெரிய மொழி மாடல்களைக் கொண்டு வாதங்களை எழுதவைப்பது, பேட்டர்ன்களை நிரப்பவைப்பது. 2023க்குப் பிறகு இதில் கட்டுரைகள் வேகமாக வருகின்றன. வாதம் எழுதவைப்பதை விட, எழுதிய வாதத்துக்குச் சந்தேகங்களை எழுப்பவைப்பது பயனுள்ள திசை என்பது என் கணிப்பு. தவறான சந்தேகம் கொஞ்சம் நேரத்தைத்தான் தின்னும். தவறான வாதம் உயிரைத் தின்னும். 2024இலிருந்து அந்த மாடல்களுக்கே சேஃப்டி கேஸ் எழுதும் முயற்சிகளும் வருகின்றன.

இத்தனைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. பேட்டர்ன் பயன்படுத்துகிறவர்கள் உண்மையிலேயே நல்ல வாதம் எழுதுகிறார்களா என்று அளந்து பார்த்த ஆய்வுகள் குறைவு. இதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. மாணவர் குழுக்களும் ஒரு கருவியும் ஓரிரு மருத்துவமனைகளின் ஒத்துழைப்பும் போதும். ஒரு குழுவுக்குப் பேட்டர்ன் மட்டும், இன்னொன்றுக்குப் பேட்டர்னோடு நிலைமைப் பட்டியலும், மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. பம்பைப் பொது வார்டிலிருந்து ஐசியுவுக்கு மாற்றச் சொல்லுங்கள். நிறுத்துவதே ஆபத்து என்பதை எந்தக் குழு கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். வேலூரில் இருந்துகொண்டே உலகத்துக்குத் தேவைப்படும் பதிலைத் தர முடிகிற கேள்வி இது.

படி 9: வாதத்தையும் குறியீட்டைப் போலவே பராமரியுங்கள்

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. ப்ராஜெக்ட் பொருளாக மாறும்போது ஆவணங்களைக் கேட்பார்கள். வாதத்தைக் குறியீடு இருக்கும் அதே கிட் (Git) களஞ்சியத்தில் வையுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் நிலைமைக்கும் எண் கொடுங்கள். ஃபர்ம்வேர் மாற்றம் ஒவ்வொன்றின் குறிப்பிலும் அது தொடும் கூற்றின் எண்ணை எழுதுங்கள். எந்த எண்ணும் இல்லாத மாற்றம் மதிப்பாய்வில் நிற்க வேண்டும். பேட்டர்னை வேறொரு கருவிக்கு எடுத்தவர், தான் சரிபார்த்த நிலைமைகளின் எண்களையும், விட்டுவிட்டவற்றையும் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். அவருடைய களத்தில் ஒரு நிலைமை பொய்யாகிவிட்டால், அந்தச் செய்தி மூலப் பேட்டர்னை எழுதியவருக்கும் அதை எடுத்த மற்ற எல்லோருக்கும் போக வேண்டும். அதற்கு, யார் யார் எடுத்தார்கள் என்ற பட்டியல் பேட்டர்னோடு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.